சபா அரங்கில் வள்ளி திருமணம்: அப்பாவோடு போய்வந்தேன்

தினைப்புனம் | ஞாயிறு, காலை 7.50

நேற்று மாலை சென்னையில் ஒரு சபா அரங்கில் தமிழ் இசை நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ பார்த்துவிட்டு வந்தோம். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து நடிகர்கள். ஊரில் இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியும்வரை போகிற நாடகம். அதை இரண்டரை மணி நேரத்துக்குச் சுருக்கியிருந்தார்கள்.

அப்பாவுக்கு 78 வயது. அறந்தாங்கிப் பக்கம் பிறந்தவர். வேலைக்காகச் சென்னை வந்தபிறகு ஊர்த் திருவிழாவுக்குப் போவது குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றே போய்விட்டது. ஆனால் சின்ன வயதில் கேட்ட நாடகப் பாட்டுகளைக் குளிக்கும்போது பாடுவார். எனக்கு வள்ளி திருமணம் தெரிந்ததே அப்படித்தான், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று.

திரை விலகியதும் காட்டுப் படுதா. அதைப் பார்த்த உடனே அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். வள்ளி, தினைப்புனத்தில் பறவை ஓட்டும் ஆலோலம் பாடிக்கொண்டே வந்தார். ஆள் தெரிவதற்கு முன்பே குரல் வந்து சேர்ந்துவிட்டது. முருகன் வேடனாக வந்து ‘காயாத கானகத்தே’ எடுத்தபோது அரங்கில் பாதிப் பேர் கைதட்டினார்கள். ‘மேயாத மான், புள்ளி மேவாத மான்’ என்று அவர் நீட்டி நிறுத்தினார் பாருங்கள், காட்டில் ஓடிய மானைத் தேடுகிற பாட்டு அப்படியே எதிரில் நிற்கிற பெண்ணைப் பற்றிய பாட்டாக மாறிவிட்டது. மேயாத மான், புள்ளியில்லாத மான் வள்ளிதானே! இத்தனை வருடம் கேட்டும் நேற்றுத்தான் எனக்கு அது புரிந்தது.

அப்புறம் தர்க்கம், பாட்டும் பேச்சுமாக நடக்கிற வாதம். வேடன் கேள்வி போட்டார். வள்ளி பதிலாக நாலடி விருத்தப் பாட்டைத் தொடங்குவதற்குள் அப்பா தன்னையறியாமல் பாட ஆரம்பித்துவிட்டார். சத்தமாக இல்லை, முணுமுணுப்புதான். இரண்டு அடி போயிருக்கும். முன்வரிசையில் இருந்தவர் திரும்பி ‘உஸ்’ என்றார். அப்பா நிறுத்திவிட்டார். நாடகம் முடியும்வரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். ஆட்டோவில் வரும்போது, “என்னப்பா, பிடிக்கலையா?” என்று கேட்டேன். “மூணாவது அடி வரமாட்டேங்குது” என்றார். வேறெதுவும் பேசவில்லை.

அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் இல்லை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, மேடையில் இருப்பவர் பாடுவதைக் கேட்க வந்தவர் அவர். ஆனாலும் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்த நாடகத்தை இப்படி இருட்டில், வாய் திறக்காமல் உட்கார்ந்து பார்ப்பதுதான் முறையா? நிறையப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஐந்துகட்டை | ஞாயிறு, காலை 9.15

அம்மா, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இரண்டு அடி அவருக்கு நினைவிருந்ததே பெரிய விஷயம்.

ஆனால் அமைதியைப் பற்றி நான் வேறு மாதிரி நினைக்கிறேன். நான் காரைக்குடிக்காரன், 40 வருடமாக ஸ்பெஷல் நாடகம், அதாவது ஊர்த் திருவிழாவில் விடியவிடிய நடக்கும் இந்த இசை நாடகம் பார்க்கிறேன். கிராமத்தில் நாலு திசையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் ராட்டினம், ஒரு பக்கம் சுக்குக்காப்பிக் கடை, நடுநடுவே அன்பளிப்பு அறிவிப்பு. பாட்டில் பாதி காற்றோடு போய்விடும். போன வருடம் இதே மாதிரி ஓர் அரங்கில் பார்த்தபோதுதான் விருத்தத்தைச் சொல் சொல்லாகக் கேட்டேன். சங்கரதாஸ் சுவாமிகள் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். வெண்பா, கலித்துறை, சந்த விருத்தம் என்று அவர் நாடகத்துக்குள் இலக்கணமே நடந்து போகும். அதைக் கேட்க அமைதி வேண்டாமா?

பாடி நடித்த எஸ்.ஜி. கிட்டப்பா காலத்தை நினைத்துப் பாருங்கள். 1906இல் செங்கோட்டையில் பிறந்து 1933இல் போய்விட்டார். அவர் உச்சத்தில் இருந்தபோது மேடையில் மைக் ஏது? 1926இல் இலங்கையில் கே.பி. சுந்தராம்பாளும் அவரும் சேர்ந்து நடிக்கத் தொடங்கினார்கள். அந்தக் கொட்டகைக் கடைசி வரிசைக்கு வெறுங்குரல் போய்ச் சேர்ந்தது என்றால் ஜனங்கள் காதைக் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

ஸ்ருதிப்பெட்டி | ஞாயிறு, காலை 11.05

ஐந்துகட்டை ஐயா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்காக இதை எழுதுகிறேன். நான் புதுக்கோட்டை மாவட்டம். என் அப்பா 43 வருடம் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஸ்பெஷல் நாடகத்தில் குழு என்று ஒன்று கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்து, கதாநாயகியான ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்து, கோமாளியான பபூனையும் நாரதரையும் வேறு வேறு ஊர்களிலிருந்து தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்துப் பேசி அழைப்பார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதே அன்று ராத்திரி மேக்கப் கொட்டகையில்தான். ஒத்திகை கிடையாது. எல்லாருக்கும் பொதுவாக இருப்பது சுவாமிகளின் பாட்டும் கதையும் மட்டும். அதை வைத்துக்கொண்டு விடியும்வரை கொண்டுபோக வேண்டும்.

தர்க்கத்தில் வள்ளி எந்தப் பாட்டை எடுப்பார், எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில் எடுப்பார் என்று ஆர்மோனியக்காரருக்கு முன்கூட்டித் தெரியாது. வேடன் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே அப்பா வள்ளியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். மூச்சை எப்படி இழுக்கிறார் என்று பார்த்தே விரல் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வேன் என்பார். முதல் எழுத்து வாயிலிருந்து வரும்போது சுருதி அங்கே இருக்க வேண்டும். சில சமயம் நடிகர் வேண்டுமென்றே யாரும் எதிர்பாராத இடத்தில் எடுப்பார். அப்பா பிடித்துவிட்டால் கூட்டம் ஆர்மோனியத்துக்கும் சேர்த்துக் கைதட்டும்.

இதை இன்னொன்றோடு சேர்த்து யோசியுங்கள். 1940இலிருந்து 1971வரை அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை இருந்தது. நம் இசைக்கு ஒத்துவராத பெட்டி என்று படித்தவர்கள் ஒதுக்கிவைத்த அந்த 31 வருடமும் அதைத் தூக்கி நிறுத்தியது கிராமத்து நாடக மேடை. அங்கே கீழே உட்கார்ந்திருந்த ஜனங்கள்தான் தீர்ப்பு சொன்னார்கள்.

சபா மேடையில் அப்பாவும் இரண்டு முறை வாசித்திருக்கிறார். எந்தப் பாட்டு, எந்தச் சுருதி, எத்தனை நிமிடம் என்று முதல் நாளே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். நன்றாக வாசித்தேன், ஆனால் யாரையும் பார்க்க வேண்டிய தேவை வரவில்லை என்றார்.

தினைப்புனம் அக்கா, உங்கள் அப்பா பாடியது தவறே இல்லை. ஊரில் இருந்திருந்தால் வள்ளி அவரைப் பார்த்துக் கையைக் காட்டி, “பெரியவரே சொல்லிட்டாரு, கேட்டுக்க வேடா” என்று அதிலிருந்தே பதிலைத் தொடங்கியிருப்பார். நான் அப்படிப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

கூடல்நகர் | ஞாயிறு, மதியம் 1.30

ஸ்ருதிப்பெட்டி சொன்னதைப் படித்ததும் சுதந்திரப் போராட்டக் கால நாடக நடிகர் விஸ்வநாத தாஸ்தான் நினைவுக்கு வந்தார். பாட்டும் பேச்சும் மேடையிலேயே மாறலாம் என்ற சுதந்திரம் இல்லையென்றால் அவர் இல்லை.

வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டுகிற கட்டத்துக்கு அவர் ‘கொக்கு பறக்குதடி பாப்பா’ என்று பாடினார். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதியது. வெள்ளைக் கொக்கு யார் என்று கொட்டகையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். போலீஸ்காரருக்கும் தெரியும். பாடியதற்காகத் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார், வெளியே வந்து மறுபடி அதையே பாடினார். சுவாமிகள் எழுதிய பிரதியில் அந்தக் கொக்கு கிடையாது. ஆனால் அந்தக் கொக்கு பறந்து இறங்க ஓர் இடம் பிரதியில் இருந்தது. 1940 டிசம்பர் 31ஆம் தேதி சென்னையில் ராயல் தியேட்டரில் முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் அவர் உயிர் பிரிந்தது. அதுவும் வள்ளி திருமணம்தான்.

நேற்று அந்தப் பறவை ஓட்டும் காட்சி எவ்வளவு நேரம் வந்தது அக்கா? பபூன் வந்தாரா?

தினைப்புனம் | ஞாயிறு, மதியம் 2.10

பறவை ஓட்டும் காட்சி ஒரு பாட்டு, நாலு நிமிடம் இருக்கும். பபூன் வந்தார், இரண்டு நிமிடம் பேசிவிட்டு நாடகத்தை அறிமுகப்படுத்திவிட்டுப் போய்விட்டார். பபூன் டான்ஸ் கிடையாது. நாரதர் தர்க்கமும் கிடையாது. நாரதர் வந்து முருகனிடம் சேதி சொன்னதோடு சரி. அப்பா நாரதரைத்தான் அதிகம் எதிர்பார்த்தார்.

ஐந்துகட்டை | ஞாயிறு, மாலை 4.40

நாரதர் தர்க்கத்தை எடுத்துவிட்டார்களா? அது தப்பு. அந்த இடத்தில் நான் உங்கள் எல்லாருடனும் சேர்ந்துகொள்கிறேன்.

ஆனால் கட்டுப்பாடு என்பது ஏதோ சபாக்காரர்கள் கொண்டுவந்தது என்று எண்ணிவிடாதீர்கள். சுவாமிகளே அதற்காகப் பாடுபட்டவர். பெரிய நடிகர்கள் தர்க்கம் என்ற பேரில் கதையை விட்டுவிட்டு ஒருவரையொருவர் மட்டம் தட்டுவதில் இறங்கியதால்தான் அவர் சிறுவர்களை வைத்து நாடகம் நடத்தும் பக்கம் போனார் என்பார்கள். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பிற்காலத்தில் பெரிய நாடகக் குழு நடத்திய டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தான். அவர்களில் ஒருவரான தி.க. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அவர் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே ‘அபிமன்யு சுந்தரி’ முழுவதையும் சுவாமிகள் ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்று சண்முகமே பதிவு செய்திருக்கிறார். அந்தப் பிள்ளைகள் எழுதியதை எழுதியபடி பாடம் செய்து பேசினார்கள். பிரதி, பாடம், ஒத்திகை எல்லாம் அந்த மரபுக்கு உள்ளேயே இருந்தவை.

அதனால் எழுதி வைத்து நடிப்பதில் எனக்குக் குறை இல்லை. எழுதியதில் நல்லதைக் கைவிட்டதுதான் குறை.

ஸ்ருதிப்பெட்டி | ஞாயிறு, மாலை 5.25

ஐயா, இதை நான் யோசித்ததில்லை. உண்மைதான். இப்போதும் ஒரு ராஜபார்ட் எதிரில் இருக்கும் புது வள்ளியை அழவைத்துவிட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சுதந்திரத்தில் அந்தப் பக்கமும் இருக்கிறது. அன்றைக்கு அப்பா ஒரு பாட்டை வாசித்து இடைமறித்து, அந்தப் பெண்ணுக்கு மூச்சுவிட நேரம் வாங்கிக் கொடுத்தார்.

பின்வரிசை | ஞாயிறு, இரவு 8.00

நான் நவீன நாடகங்களுக்கு ஒளியமைப்பு செய்கிறவள். இசை நாடகத்தை மேடைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தது மூன்றே முறை, அதனால் பாட்டைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது.

கிராமத்தில் மேடைக்கு எரிகிற டியூப்லைட்டும் போகஸ் லைட்டும் பார்வையாளர்மேலும் விழும். பந்தலில் தனி விளக்குகளும் எரியும். நடிகர்களுக்கு முதல் பத்து வரிசை முகங்கள் தெளிவாகத் தெரியும். யார் தூங்குகிறார், யார் உதட்டை அசைக்கிறார், யார் எழுந்து போகிறார் என்று பார்த்துக்கொண்டேதான் பேசுகிறார்கள். சபா அரங்கில் நாங்கள் என்ன செய்கிறோம்? திரை விலகும் முன்பே அரங்க விளக்கை முழுசாக அணைத்துவிட்டு, நடிகர் கண்ணுக்கு நேராக ஸ்பாட் போடுகிறோம். அவருக்கு எதிரே கறுப்புச் சுவர். தர்க்கம் யாரை நோக்கிச் செய்வது?

தினைப்புனம் அக்கா, உங்கள் அப்பா பாடியதை வள்ளி கேட்டிருக்கலாம். ஆனால் பாடியவர் எங்கே இருக்கிறார் என்று அவரால் பார்த்திருக்க முடியாது. பார்வையாளர் பக்கம் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தை விட்டுவைத்தாலே நிறைய மாறும் என்று நினைக்கிறேன். இது செலவே இல்லாத காரியம். அடுத்து யாராவது இந்த மாதிரி நாடகத்துக்கு என்னைக் கூப்பிட்டால் நிச்சயம் செய்து பார்ப்பேன்.

கொட்டகை | திங்கள், காலை 6.20

இழை முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்தேன். நான் யாழ்ப்பாணம், இப்போது கனடாவில் ஸ்காபரோ.

தமிழ்நாட்டுக் கம்பெனிகள் வந்து ஆடிப் பழக்கிவிட்ட இந்த நாடகங்களை எங்கள் ஊரில் கொட்டகைக்கூத்து என்பார்கள். பிறகு அது எங்களுடையதாகவே ஆகிவிட்டது. காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்துவின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1989இல் காலமானார். ‘அரிச்சந்திர மயான காண்டம்’ என்றால் அவர்தான், ஆயிரக்கணக்கான மேடைகள். கவனித்தீர்களா, அரிச்சந்திரன் கதை முழுவதும் இல்லை, மயான காண்டம் மட்டும். எங்கள் ஆட்கள் எப்போதோ நாடகத்தைச் சுருக்கிவிட்டார்கள். நாடு இழந்தது, காடு போனது எல்லாம் சனத்துக்குத் தெரிந்த கதை என்று விட்டுவிட்டு, நெஞ்சைப் பிடுங்கும் கட்டத்தை எடுத்து இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு விரித்தார்கள். சபாவில் நடந்தது மறுவளம். கதை முழுவதையும் வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த பாட்டையும் தர்க்கத்தையும் குறைத்துவிட்டார்கள். கதை எல்லோருக்கும் தெரியுமே, அதை ஏன் காப்பாற்ற வேண்டும்?

அமைதியைப் பற்றியும் ஒன்று. என் அம்மம்மா கோயில் வீதி மணலில் இருந்து அந்த நாடகம் பார்த்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். பாம்பு கடித்து இறந்த பிள்ளையைச் சந்திரமதி தூக்கிக்கொண்டு வருகிறாள். சுடலை காக்கிற அரிச்சந்திரன் அவளிடம் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். அந்த இடத்தில் அம்மம்மா எழும்பி நின்று, “அது உன்ரை பிள்ளையடா, பார்!” என்று கத்தினார். யாரும் அவரை இருக்கச் சொல்லவில்லை. அரிச்சந்திரன் வேடம் கட்டியவர் ஒருகணம் அம்மம்மாவை நேரே பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் கால்பணம் கேட்டார். அந்தத் திருப்பல்தான் எனக்கு இன்றைக்கும் அரிச்சந்திரன்.

ஐந்துகட்டை | திங்கள், காலை 8.30

தம்பி, இதைப் படித்து ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ‘உஸ்’ விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். சொல்லைக் கேட்க அமைதி வேண்டும் என்பது இப்போதும் என் ஆசைதான். ஆனால் தெரிந்தவர் கூடப் பாடுவதை இரைச்சலோடு சேர்த்துப் பேசியிருக்கக் கூடாது.

கூடல்நகர் | திங்கள், மதியம் 12.15

கொட்டகை கேட்ட கேள்வி நல்ல கேள்வி. இரண்டரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் வள்ளி நாரதர் தர்க்கத்தை மட்டும் ஒரு மாலை, வள்ளி வேடன் தர்க்கத்தை மட்டும் இன்னொரு மாலை என்று போடலாமே. நடிகர்களுக்கும் இரண்டு நாள் வேலை.

கிராமத்திலேயே நேரம் ஒரு பிரச்சினையாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்ற விதி 2000இலிருந்து இருக்கிறது. கமிட்டிக்காரர்கள் அனுமதிக்காகக் காவல் நிலையத்துக்கும், சில இடங்களில் நீதிமன்றத்துக்கும் அலைகிறார்கள். அலைவதற்குப் பதில் பாட்டுக் கச்சேரியைச் சீக்கிரம் வைத்து முடித்துவிடலாம் என்று முடிவெடுத்த ஊர்கள் எனக்குத் தெரியும். 2020இலும் 2021இலும் கொரோனாவால் பங்குனி, சித்திரை சீசனே இல்லாமல் போனது. அப்போது வேறு வேலைக்குப் போனவர்களில் திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்ருதிப்பெட்டி | திங்கள், மதியம் 1.00

ஆமாம். அப்பா பெட்டியைப் பரணில் ஏற்றியதும் 2020இல்தான். அதற்கப்புறம் கீழே இறக்கினார், ஆனால் மேடைக்கு எடுத்துப் போகவில்லை.

அக்கா, ஒன்று கேட்கிறேன். உங்கள் அப்பா பாடின முதல் இரண்டு அடியைத் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா? பாடிப் பதிவு செய்து அனுப்பினால் இன்னும் நல்லது. விருத்தம் எது என்று தெரிந்தால் மூன்றாவது அடி என் அப்பாவிடம் நிச்சயம் இருக்கும்.

தினைப்புனம் | திங்கள், மாலை 6.45

அனுப்பிவிட்டேன். முதலில் பாட மறுத்தார். “சும்மா இரு, தொண்டை கட்டியிருக்கு” என்றார். நீங்கள் எல்லாரும் எழுதியதை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். யாழ்ப்பாணத்து அம்மம்மா வந்த இடத்தில் சிரித்தார். ஆர்மோனியக்காரர் மூச்சைப் பார்த்து வாசிப்பார் என்ற இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அப்புறம் அவராகவே போனைக் கையில் வாங்கிக்கொண்டார்.

ஸ்ருதிப்பெட்டி | திங்கள், இரவு 8.20

அக்கா, பதிவை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். முதல் அடியிலேயே தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார். “நாலரைக் கட்டை, பழைய ஆள்” என்றார். மூன்றாவது, நான்காவது அடிகள் அவரிடம் இருக்கின்றன. எழுதி அனுப்பவா என்று கேட்டேன். வேண்டாம், எழுதினால் நடை வராது, அவரிடமே சொல்கிறேன் என்கிறார். உங்கள் அப்பா நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

பங்குனியில் எங்கள் ஊர்க் கோயிலில் வள்ளி திருமணம் உண்டு, நாரதர் தர்க்கத்தோடு. காலை 5 மணி ஆகும். எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். முன்னால் பாய் விரித்து இடம் பிடித்து வைக்கிறேன். கீழே உட்கார முடியாதென்றால் நாற்காலியை ஓரமாகப் போடலாம், யாரும் மறைக்கிறது என்று சொல்லமாட்டார்கள்.

பின்வரிசை | திங்கள், இரவு 8.40

நானும் வரலாமா? லைட் கட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

தினைப்புனம் | திங்கள், இரவு 9.50

ஸ்ருதிப்பெட்டி அப்பாவும் என் அப்பாவும் இப்போது போனில் இருக்கிறார்கள். 40 நிமிடம் ஆகிறது. அந்தப் பக்கம் ஆர்மோனியம் கேட்கிறது, பெட்டியை எடுத்துவிட்டார் போல. அப்பா மூன்றாவது அடியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கிறார். அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள், கையைக் காட்டி இருக்கச் சொல்கிறார்.